அம்மியில் விழுந்த கீறல்

பண்டாரவளையிலிருந்து பூனாகலைக்குப் போகும் பாதையில் மலையை வெட்டி வழி எடுத்த இடங்கள் பல உண்டு. மழைக்காலம் கழிந்து பாசி காய்ந்த ஒரு நாளில் அந்த வெட்டுமுகங்களில் ஒன்றின் முன்னால் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். மேலே தேயிலை வேர். அதற்குக் கீழே ஒரு முழம் கறுத்த மண். இன்னும் கீழே செம்மண்ணும் களியும் கல்லும் ஒன்றோடொன்று குழம்பிக் கிடக்கும். கைக்குள் அடங்கும் கல்லும் அதில் இருக்கும், லயத்துக் காம்பராவில் பாதியை அடைக்கக்கூடிய பாறையும் இருக்கும். பெரியது கீழே, சிறியது மேலே என்ற ஒழுங்கு கிடையாது. ஆற்றங்கரை மணலில் காண்கிற அடுக்கும் கிடையாது.

ஓடும் தண்ணீர் ஒருநாளும் இப்படிப் போடாது. அது முறத்தில் புடைப்பது போலப் புடைத்துப் பிரிக்கும். வேகம் குறையக் குறைய முதலில் பாறாங்கல்லை விடும், பிறகு கூழாங்கல், பிறகு மணல், கடைசியில் வண்டல். எல்லாவற்றையும் கலந்து ஒரே இடத்தில் கொட்ட வேண்டுமானால் கொண்டுவருவது தண்ணீரைவிடத் தடித்ததாக, பெரியது சிறியது பாராமல் சுமப்பதாக இருக்க வேண்டும். எரிமலைச் சேற்றை ஒதுக்கிவிட்டால், உலகில் இந்த வேலையைப் பெரிய அளவில் செய்பவை இரண்டு. ஒன்று மண்சரிவு. மற்றது பனிக்கட்டி.

ஊவாவில் வாழ்பவர்களுக்கு முதலாவதை விளக்க வேண்டியதில்லை. 2014 அக்டோபர் 29ஆம் தேதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கிவந்து லயங்களை மூடியது. 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலத் தோட்டத்திலும் மண் சரிந்தது. இரண்டாவதை நம் மலைகளில் எவரும் கண்டதில்லை. இந்த அத்தியாயம் அந்த இரண்டாவதைப் பற்றியது. ஆனால் முதலாவதைத் தெரிந்தவர்களுக்குத்தான் இரண்டாவதைக் கண்டுபிடிப்பதில் உள்ள சிரமம் சரியாகப் புரியும். முப்பது கோடி ஆண்டுகளுக்கு முந்திய ஒரு கற்குவியலைப் பார்த்து, இது சரிந்து வந்ததல்ல, பனி சுமந்து வந்தது என்று ஒருவர் எந்தத் துணிச்சலில் சொல்லலாம்?

இந்தக் கேள்வியில் பெரியவர்களே சறுக்கியிருக்கிறார்கள். லூயி அகாசி என்ற பெயர் பனியுகம் என்ற கருத்தோடு ஒட்டிப் பிறந்தது. ஐரோப்பாவை ஒரு காலத்தில் பனி மூடியிருந்தது என்று 1837இல் சுவிட்சர்லாந்தில் எழுந்து நின்று சொன்னவர் அவர். அப்போது அவரை நம்பியவர்கள் குறைவு. பின்னால் உலகமே நம்பியது. அதே அகாசி 1865இல் பிரேசிலுக்குப் போனார். ரியோ நகருக்கு மேலே உள்ள குன்றுகளில் செம்மண்ணுக்குள் உருண்டை உருண்டையான பெரும் பாறைகள் புதைந்து கிடப்பதைக் கண்டார். அவருக்குச் சந்தேகமே எழவில்லை. இங்கேயும் பனி வந்திருக்கிறது, அமேசன் பள்ளத்தாக்கையே பனிக்கட்டி நிரப்பியிருக்கிறது என்று எழுதினார்.

அவர் பூனாகலைக்கு வந்திருந்தாலும் இதையே எழுதியிருப்பார் என்று நினைக்கிறேன். நம் தேயிலை மலைகளிலும் அதே உருண்டைப் பாறைகள் இருக்கின்றன. செடிகளுக்கு நடுவே யானை படுத்திருப்பது போலக் கிடக்கும் கருங்கற்களை எவரும் எங்கிருந்தும் கொண்டுவரவில்லை. அவை கிடக்கும் இடத்திலேயே பிறந்தவை. வெடிப்புகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடிய ஒரு பெரும் பாறைக்குள் மழைநீர் இறங்கியது. வெடிப்பை ஒட்டிய பகுதி முதலில் இற்றது. மூலைகள் இரண்டு மூன்று பக்கமும் தாக்கப்பட்டதால் விரைவாகக் கரைந்தன. கட்டம் கட்டமாக இருந்த பாறை உள்ளுக்குள் உருண்டையாகி, சுற்றிலும் மண்ணாகிப் போனது. பிறகு மழை அந்த மண்ணைக் கழுவ, உருண்டைகள் வெளியே தெரிந்தன. அவற்றின் மேல்தோல் வெங்காயச் சருகு போல உரிவதைப் பார்த்தால் இந்தக் கதை விளங்கும். பிரேசிலிலும் நடந்தது இதுதான். ஜான் பிரான்னர் என்ற புவியியலாளர் 1893இல் அகாசியின் பிரேசில் பனியை மறுத்து எழுதினார். பனியைக் கண்டுபிடித்த மனிதரே பனி இல்லாத இடத்தில் பனியைக் கண்டார் என்றால், கல்லும் மண்ணும் கலந்து கிடப்பது மட்டும் சாட்சியாகாது என்பது தெளிவு.

பாறை மண்ணாவதில் ஒரு கனிமத்தின் பங்கு பெரியது. பெல்ட்ஸ்பார் என்பது அதன் பெயர். நம் கருங்கல்லில் வெள்ளையாகவோ மங்கிய பச்சையாகவோ தட்டையாக மின்னுவது அதுதான். சூடும் ஈரமும் சேர்ந்த இடத்தில் பெல்ட்ஸ்பார் நிலைக்காது, களியாக மாறிவிடும். தேயிலைக்கு மண் கொடுத்தது இந்த மாற்றம். மழைக்கு அந்த மண் வழுக்குவதற்கும் இதே களிதான் காரணம். பெல்ட்ஸ்பாரை நினைவில் வையுங்கள். அது ஒடிசாவில் நமக்கு உதவப்போகிறது.

1850களில் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை நிலக்கரி தேடிக்கொண்டிருந்தது. ஒடிசாவின் தால்ச்சேருக்கு வில்லியம் பிளான்போர்ட், அவர் தம்பி ஹென்றி பிளான்போர்ட், வில்லியம் தியோபால்ட் ஆகிய மூவர் அனுப்பப்பட்டார்கள். நிலக்கரிக்குக் கீழே அவர்கள் ஒரு விநோதமான படுகையைக் கண்டார்கள். பச்சை நிறத்தில் மிக நுண்ணிய வண்டல். அதற்குள், வண்டலுக்குச் சற்றும் பொருந்தாத பெரும் பாறாங்கற்கள். வண்டலைப் படிய வைக்கும் அமைதியான நீர் பாறாங்கல்லை நகர்த்தாது. பாறாங்கல்லை உருட்டும் வெள்ளம் வண்டலை விட்டுவைக்காது. இரண்டும் ஒரே இடத்தில் எப்படி? 1856இல் அவர்கள் எழுதிய விடை: பனிக்கட்டி.

அந்த விடையின் துணிச்சலை எண்ணிப் பார்க்க வேண்டும். தால்ச்சேர் கடக ரேகைக்குத் தெற்கே, வெயில் கொளுத்தும் சமவெளியில் இருக்கிறது. ஐரோப்பாவின் பனியுகமே அப்போது முழுதாக ஏற்கப்படவில்லை. வெப்ப மண்டலத்தில் பனி என்றால் யார் கேட்பார்கள்?

ஆனால் சிறு சிறு சாட்சிகள் சேர்ந்தன. தால்ச்சேர் மணற்கல்லில் பெல்ட்ஸ்பார் கெடாமல் புதிதாக இருந்தது. பூனாகலையில் களியாகிவிடும் கனிமம், அங்கே பாறையிலிருந்து உடைந்து, பயணம் செய்து, படிந்து, கல்லாகும்வரை தன் உருவோடு இருந்திருக்கிறது. அன்று அங்கே சூடும் ஈரமும் சேர்ந்திருக்கவில்லை என்பதற்கு இது ஒரு சாட்சி. தால்ச்சேரில் ஏடு ஏடாகப் படிந்த வண்டல் கற்களும் உண்டு. ஏரியில் அமைதியாகப் படிந்த அந்த ஏடுகளுக்கு நடுவே தனியாக ஒரு கல் உட்கார்ந்திருக்கும். கல்லுக்குக் கீழே உள்ள ஏடுகள் குழிந்திருக்கும், மேலே உள்ளவை கல்லின் மேல் போர்த்தியது போல வளைந்திருக்கும். அப்படியானால் கல் மேலிருந்து விழுந்திருக்கிறது. ஏரியின் நடுவே மேலிருந்து கல்லைப் போட மிதந்துவந்த பனிக்கட்டியைத் தவிர வேறு யார் இருந்தார்கள்? பனி உருகியது, பிடி தளர்ந்தது, கல் சேற்றில் விழுந்தது. முப்பது கோடி ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு நொடியில் நடந்த சம்பவம் ஒரு கற்பலகையில் பதிந்திருக்கிறது. மண்சரிவு இதைச் செய்ய முடியாது.

இருந்தும் இவை எல்லாம் பனி சுமந்த பொருள்கள். பனி நின்ற தரை எங்கே? அதை 1872இல் பிரான்சிஸ் ஃபெடன் கண்டுபிடித்தார். இன்றைய மகாராஷ்டிரத்தின் சந்திரபூருக்கு அருகே, பெங்கங்கா ஆற்றோரம் ஈரை என்ற ஊரில், தால்ச்சேர்ப் படுகைக்குக் கீழே இருந்த பழைய சுண்ணாம்புப் பாறை ஆற்றினால் கழுவப்பட்டுத் திறந்து கிடந்தது. அதன் முகம் மெருகேறியிருந்தது. மெருகின் மேல் ஒரே திசையில் இணையாக ஓடும் கீறல்கள் இருந்தன.

அம்மி உள்ள வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை ஒரு வரியில் விளக்கிவிடலாம். கண்டத்தின் அடிப்பாறைதான் அம்மி. பனிக்கட்டியின் அடியில் உறைந்து மாட்டிக்கொண்ட கற்கள் குழவி. மேலே அழுத்தி நகர்த்தும் கை, ஆயிரம் இரண்டாயிரம் மீட்டர் தடித்த பனி. பனிக்கட்டி திடப்பொருள்தான், ஆனால் அத்தனை தடிப்பில் தன் எடை தாங்காமல் பாகு போல மெல்ல நகரும். நகரும்போது அடியில் மாட்டிய கற்களைத் தரையோடு சேர்த்து அரைக்கும். நுண்ணிய மாவு தரையை மெருகேற்றும், கூரிய கல் கோடு இழுக்கும். அம்மி தேய்ந்து வழவழப்பானதும் கொத்துகிறவரைக் கூப்பிடுவோம் அல்லவா, அந்த வழவழப்புத்தான் ஈரையில் இருந்தது. குழவியும் தேயும். ஒரு பக்கம் தேய்ந்து தட்டையாகும், பனிக்குள் சற்றே புரண்டு மறுபக்கம் தேயும். ஆற்றில் உருண்ட கல் எல்லாப் பக்கமும் உருண்டையாகும். பனி அரைத்த கல்லுக்குத் தட்டையான முகங்கள் இருக்கும், அந்த முகங்களிலும் கீறல் இருக்கும். தால்ச்சேர்ப் படுகையில் அப்படிப்பட்ட கற்கள் கிடைக்கின்றன.

கீறல் ஒன்று கிடைத்துவிட்டால் பனி இருந்தது என்பதோடு, எந்தக் கோட்டில் நகர்ந்தது என்பதும் தெரியும். எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் என்பதற்குப் பாறை மேடுகளைப் பார்க்க வேண்டும். பனி ஏறிவந்த பக்கம் வழவழப்பாகவும் சாய்வாகவும் இருக்கும். இறங்கிய பக்கத்தில் பனி பாறையைப் பிய்த்து எடுத்துக்கொண்டு போயிருக்கும், அங்கே முரட்டுப் படிகளாக இருக்கும். பனிப் படலம் வேகமாக ஓடிய இடங்களில் தரையே நீண்ட வரப்புகளாகச் சீவப்பட்டிருக்கும். கவிழ்த்து வைத்த அகப்பை போல, மொட்டையான தலையும் ஒடுங்கிய வாலுமாகக் குன்றுகள் வரிசை பிடித்து நிற்கும். இந்த உருவங்களை மண்சரிவோ ஆறோ வரிசையாக, ஒரே திசை பார்த்து, பல கிலோமீட்டர் தூரத்துக்குச் செய்ய முடியாது. 1957இல் ஜான் க்ரோவெல் என்ற அமெரிக்கப் புவியியலாளர், பனிப்படிவு என்று உலகெங்கும் பெயர் எழுதிவைத்த பல கற்குவியல்கள் உண்மையில் கடலடிச் சரிவுகளின் வேலையாக இருக்கலாம் என்று எச்சரித்தார். அந்த எச்சரிக்கைக்குப் பிறகு தரையிலுள்ள கீறலுக்கும் நிலத்தின் உருவத்துக்கும் மதிப்புக் கூடியது. அதே க்ரோவெல் பின்னாளில் லாரன்ஸ் ஃப்ரேக்ஸ் என்பவரோடு சேர்ந்து தென்கண்டங்களின் பழம்பனியை ஊர் ஊராகத் தேடி ஆவணப்படுத்தினார். சந்தேகப்பட்டவரே சாட்சிகளைத் திரட்டியதால் அந்த ஆவணத்துக்குத் தனி எடை உண்டு.

இனிப் பாலைவனத்துக்கு வருவோம்.

ராஜஸ்தானில் ஜோத்பூருக்கு வடமேற்கே, தார் பாலைவனத்தில் பாப் என்று ஓர் ஊர். கோடையில் அங்கே வெயில் 45 பாகைக்கு மேல் ஏறும். அந்த வெயிலை நம்பி பாப் வட்டாரத்திலுள்ள பாட்லாவில் 2,245 மெகாவாட் சூரிய மின்பூங்கா கட்டியிருக்கிறார்கள். அதே வட்டாரத்தின் தரையில் சிதறிக் கிடக்கும் கற்கள் அந்த இடத்துக்கு உரியவை அல்ல. சிவப்பும் ஊதாவுமான மலானி எரிமலைக் கற்கள், கருங்கற்கள் எல்லாம் கலந்து கிடக்கின்றன. ஜோத்பூர்க் கோட்டை நிற்கும் குன்று அந்த மலானிக் கல்தான். கற்களில் பலவற்றுக்குத் தட்டை முகங்கள், முகங்களில் கீறல்கள். பாப் பாறாங்கற் படுகை என்று அழைக்கப்படும் இது தால்ச்சேர்ப் படுகையின் காலத்தையே சேர்ந்தது. இன்னும் வடக்கே, இன்று பாகிஸ்தானில் இருக்கும் உப்பு மலைத்தொடரிலும் அதே வயதுடைய படுகை இருக்கிறது. அதிலும் மலானிக் கல் கிடைக்கிறது. சொந்த ஊரிலிருந்து 600 கிலோமீட்டருக்கும் மேலான பயணம். கல்லுக்குப் பிறந்த ஊர் தெரிந்தால் பனியின் பாதையை வரைபடத்தில் கோடு போட்டுக் காட்டலாம். இந்தியாவின் தெற்கிலிருந்து வடக்கு நோக்கிப் பனி போயிருக்கிறது. இன்றைய பூமியை மனதில் வைத்துப் பார்த்தால் இது நில நடுக்கோட்டுப் பக்கமிருந்து பனி வந்தது என்று சொல்வதற்குச் சமம். எங்கோ பெரிய தவறு இருந்தாக வேண்டும்.

தவறு பனியில் இல்லை, வரைபடத்தில் இருந்தது. தென்னாப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் தென்னமெரிக்காவிலும் அதே காலத்துப் பனிப்படிவு கிடைத்துக்கொண்டே இருந்தது. தெற்கு ஆஸ்திரேலியாவின் இன்மன் பள்ளத்தாக்கில் ஆல்பிரட் செல்வின் 1859இலேயே கீறிய பாறையைக் கண்டிருந்தார். கண்டங்கள் அசையாதவை என்றால், நில நடுக்கோட்டைத் தாண்டியும் பனி பரவியிருக்க வேண்டும். ஆனால் அதே காலத்தில் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் வெப்ப மண்டலச் சதுப்புக் காடுகள் செழித்து நிலக்கரியாகிக்கொண்டிருந்தன. இரண்டும் ஒருங்கே நடக்க முடியாது. 1912இல் ஆல்பிரட் வெகனர் தெற்குத் துண்டுகளை எல்லாம் துருவத்தைச் சுற்றி ஒன்றாகச் சேர்த்து வைத்தார். சிதறிய கீறல்கள் ஒரே பனிப் பரப்பின் பகுதிகளாயின. அந்த ஒன்றுபட்ட நிலத்துக்குக் கோண்டுவானா என்று பெயர். மத்திய இந்தியாவின் கோண்டு மக்களுடைய காட்டுநிலத்தின் பெயர் அது. ஒரு பழங்குடி மக்களின் நிலப்பெயர் ஒரு பெருங்கண்டத்தின் பெயராகிப் பாடநூல்கள் எங்கும் இருப்பது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தருவது. வெகனர் பனியைப் படித்துப் பேசியவர் மட்டுமல்ல, பனியிலேயே வாழ்ந்தவர். 1930 நவம்பரில் கிரீன்லாந்துப் பனிப் பரப்பிலேயே உயிர் விட்டார். கண்டங்கள் நகர்வதை உலகம் ஏற்றபோது அவர் இறந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது.

பாப் ஊரில் கற்கள் கிடைக்கின்றன. நிலத்தின் உருவமே அப்படியே நிற்கிற இடங்கள் ஆப்பிரிக்காவில் உள்ளன. 1960களில் அல்ஜீரியாவின் சகாராவில் எண்ணெய் தேடிய பிரெஞ்சுப் புவியியலாளர்கள் தஸ்ஸிலி நாஜர் மேட்டுநிலத்தில் கீறிய மணற்கல் தரைகளைக் கண்டார்கள். இது கோண்டுவானாப் பனியைவிடப் பழையது, ஏறத்தாழ 44 கோடியே 50 இலட்சம் ஆண்டு. அன்று தென்துருவம் வடமேற்கு ஆப்பிரிக்காவை ஒட்டி இருந்தது. சாட் நாட்டின் வடகிழக்கில், செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு டேனியல் லீ ஹெரன் என்பவர் 2018இல் பனி ஆறுகள் ஓடிய தடங்களையே பாலை நிலத்தில் அடையாளம் காட்டினார். 2019இல் கிரகாம் ஆண்ட்ரூஸ் குழுவினர் நமீபியாவின் ட்வைஃபல்ஃபொன்டைன் அருகே திமிங்கில முதுகு போன்ற குன்றுகளைப் பனி சீவிய வரப்புகள் என்று நிறுவினார்கள். பலரும் கடந்து போன குன்றுகள் அவை. நாட்டின் வடமேற்கில் சுவர் போன்ற பக்கங்களும் அகன்ற அடியும் உடைய பள்ளத்தாக்குகள் இருக்கின்றன. நார்வேக் கடற்கரையில் காண்பது போலப் பனி குடைந்த பள்ளங்கள் அவை என்று 2021இல் ஓர் ஆய்வு காட்டியது. சுவர்களில் கீறல்கள் இருக்கின்றன. இன்று அந்தப் பள்ளங்களில் ஓடும் ஆறு அவற்றை வெட்டவில்லை. பனி வெட்டிய வாய்க்காலில் பின்னால் குடியேறிய ஆறு அது.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லி அருகே நொய்ட்கெடாக்ட் என்ற இடம். எரிமலைக் குழம்பு இறுகிய கரும்பாறை, வயது 270 கோடி. அதன் மேல் பனி இழுத்த கோடுகள், வயது முப்பது கோடி. அந்த மெருகேறிய முகத்தைத் தேர்ந்தெடுத்து, சான் மக்கள் விலங்குகளையும் வடிவங்களையும் செதுக்கியிருக்கிறார்கள். செதுக்க நல்ல பலகை இதுதான் என்று அவர்களின் கண் கண்டிருக்கிறது. புவியியலாளர் எவரும் அங்கே வருவதற்கு வெகு காலம் முன்பே அந்தத் தரையின் சிறப்பைப் படித்தவர்கள் அவர்கள்.

பாலைவனம் இவற்றைக் காப்பாற்றியது என்று சொல்வதுண்டு. அது பாதி உண்மை. முப்பது கோடி ஆண்டும் பாலைவனமாக இருந்த நிலம் எதுவும் இல்லை. கீறலைக் காப்பாற்றியது புதைவு. பனி விலகியதும் அதன் வண்டலே தரையை மூடியது. அதன் மேல் சேறு, மணல், நமீபியாவில் எரிமலைக் குழம்பும் கூட. சீலை சுற்றிப் பெட்டிக்குள் வைத்த பாத்திரம் போல அது உள்ளே கிடந்தது. பிறகு நிலம் உயர்ந்து, மூடியிருந்த மென்மையான படிவுகள் அரிக்கப்பட்டு, அடியிலிருந்த கடினமான தரை மறுபடி வெளிச்சத்துக்கு வந்தது. பாலைவனத்தின் பங்கு இந்தக் கடைசிக் கட்டத்தில்தான். ஈரம் இல்லாததால் பெல்ட்ஸ்பார் களியாகவில்லை. மண் சேரவில்லை, மரம் வேர் விடவில்லை, பாசி படரவில்லை. திறந்த கீறல் திறந்தபடி இருக்கிறது, வானத்திலிருந்து படம் எடுத்தாலும் தெரிகிறது.

அப்படியானால் நாம்? கோண்டுவானாவில் இலங்கை இருந்த இடம் இந்தியாவின் தென்முனைக்கும் கிழக்கு அந்தாட்டிக்காவுக்கும் இடையே. பனி தால்ச்சேரையும் தார் நிலத்தையும் தொட்ட காலத்தில் நாமும் துருவத்துக்குப் பக்கத்து வீட்டில்தான் இருந்தோம். ஆனால் பூனாகலையில் கீறிய பாறையைத் தேடினால் கிடைக்காது. இலங்கையில் எங்கும் அந்தப் பனியின் படிவு பதிவாகவில்லை. தப்போவை, அண்டிகமை போன்ற வடமேற்குப் பள்ளங்களில் தப்பிய கோண்டுவானாப் படிவுகள்கூடப் பனிக்காலத்துக்கு வெகு பின்னால் வந்த ஜுராசிக் காலத்தவை. நாம் மிதிக்கும் கருங்கல் ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில் வெந்து உருமாறியது. பனிக்காலத்தில் அதற்கு மேலே இருந்த நிலம் கரைந்து கடலுக்குப் போய்விட்டது. அம்மியே போய்விட்ட பின் கீறலைத் தேடிப் பயனில்லை.

இலங்கைப் பாறைகளை முறையாக ஆராயத் தொடங்கியவர் ஆனந்த குமாரசுவாமி. கலை வரலாற்று அறிஞராக உலகம் அறிந்த அவர், அதற்கு முன் 1903 முதல் இலங்கைக் கனிம ஆய்வகத்தின் முதல் பணிப்பாளராக இருந்து, 1904இல் தோரியனைட் என்ற புதுக் கனிமத்தைக் கண்டறிந்தவர். 1938இல் அரச கனிமவியலாளராக இங்கே வந்தவர் டி. என். வாடியா. இந்தியாவின் புவியியலை மாணவர்களுக்காக 1919இலேயே நூலாக எழுதியவர் அவர். தால்ச்சேர் பனியையும் உப்பு மலைக் கற்களையும் நன்கு அறிந்த அந்தக் கண்கள் நம் மலைகளைப் பார்த்தபோது வேறொன்றைக் கண்டன. இலங்கை மூன்று படிகளாக நிற்கிறது என்று அவர் எழுதினார். அவருக்கு முன் பிராங்க் ஆடம்ஸ் என்பவரும் இப்படிகளைக் கண்டு எழுதியிருந்தார். படிகள் எழுந்த விதம் பற்றி வாடியா சொன்னதை இன்று அப்படியே ஏற்பவர்கள் குறைவு. ஆனால் படிகளைப் பார்க்கப் பூனாகலையைவிட நல்ல இடம் குறைவு. மலை விளிம்பில் நின்று தெற்கே பாருங்கள். காலடியில் நிலம் சட்டென முறிந்து கொஸ்லந்தைக்கு இறங்குகிறது, தியலும நீர்வீழ்ச்சி 220 மீட்டர் விழுகிறது, அப்பால் வெல்லவாயச் சமவெளி மங்கலாகக் கடல்வரை விரிகிறது. இந்த மலையைச் செதுக்கியதில் பனிக்குப் பங்கில்லை. மழைதான் செதுக்கியது, இன்னும் செதுக்கிக்கொண்டிருக்கிறது.

ஆனாலும் ஓர் உறவு மிச்சம் இருக்கிறது. கிழக்கு அந்தாட்டிக்காவில், ஜப்பானியர் 1957இல் அமைத்த ஷோவா ஆய்வு நிலையத்தைச் சுற்றியுள்ள லுட்சோ ஹோம் விரிகுடாவின் பாறைகள் நம் மலைநாட்டுப் பாறைகளோடு ஒரே சூட்டில், ஒரே காலத்தில் உருமாறியவை. உடன்பிறந்தவை பிரிந்தன. ஒன்று மழைக்கு வந்தது, ஒன்று பனிக்குள் தங்கியது. அங்கே பனி பின்வாங்கிய கரைகளில் பாறை மெருகேறி, கீறல் விழுந்து கிடக்கிறது. சற்று உள்ளே அரைத்தல் இன்றும் நடக்கிறது. பூனாகலைக் கருங்கல்லின் மேல் பனி என்ன செய்யும் என்று பார்க்க விரும்புகிறவருக்கு அதுவே இடம்.

நம் மலையில் படிக்க வேண்டியது வேறு. மறுபடி அந்த வெட்டுமுகத்துக்கு வாருங்கள். கல்லைக் கையில் எடுத்தால் முனைகள் கூராக இருக்கும், தட்டை முகமோ கீறலோ இராது. சுற்றிலும் உள்ளது மாவாக அரைந்த பாறையல்ல, இற்றுப்போன பெல்ட்ஸ்பாரின் களி. கற்கள் எல்லாம் மேலே தெரியும் மலைமுகட்டுக் கற்களே, தூரதேசத்துக் கல் ஒன்றும் இல்லை. பனி வழக்கு இங்கே தோற்றுவிடுகிறது. மிஞ்சுவது மண்சரிவு, அதுவும் பழைய மண்சரிவு. முன்னொரு காலத்தில் மேலிருந்து வந்து சரிவில் தங்கி, அதன் மேல் காடு முளைத்து, காடு அழிந்து, தேயிலை வைத்து, லயம் கட்டப்பட்ட குவியல். மீரியபெத்தையில் இறங்கியதும் இப்படிப்பட்ட பழைய குவியல்தான். அந்த இடம் ஆபத்தானது, மக்களை அகற்ற வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது.

தோட்டப் பாடசாலை ஆசிரியர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. பனிக்கட்டியாறு பற்றிய பாடம் வரும் நாளில் பிள்ளைகளை ஒரு மணி நேரம் பாதையோரத்துக்கு அழைத்துப் போங்கள். வெட்டுமுகத்தைக் காட்டி, இது தண்ணீர் போட்டதா, பனி போட்டதா, சரிந்து வந்ததா என்று கேளுங்கள். காரணம் சொல்லச் சொல்லுங்கள். அவர்கள் சரியாகச் சொல்லிவிட்ட பிறகு, அந்தக் குவியலின் மேல் யார் வீடு இருக்கிறது என்று கேளுங்கள். தேயிலை வரிசைக்குக் குறுக்கே நிலத்தில் புது வெடிப்பு ஓடினால், நேராக நின்ற சவுக்கு சாய்ந்தால், காம்பராக் கதவு திடீரென இறுகினால், பீலித் தண்ணீர் மழை இல்லாத நேரத்திலும் கலங்கி வந்தால், இல்லாத இடத்தில் ஊற்றுக் கிளம்பினால், அந்தக் குவியல் மறுபடி நகரத் தொடங்கியிருக்கலாம் என்று சொல்லிக்கொடுங்கள். அப்படி ஒன்றைக் கண்டால் விடியும்வரை காத்திராமல், அன்றிரவே எல்லோரையும் எழுப்பி லயத்தை விட்டு வெளியேற வேண்டும்.